மூன்று கிண்ணம் சீம்பால்

டெஸ்டர் ஒரு பாலை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. பால் சேகரிப்பு நிலையத்தில் பதினாறு வருஷமாக அவர் வைத்ததுதான் சட்டம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்தது. அது அடையாள அட்டையில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் டெஸ்டர்தான்.

விடிவதற்கு முன்பே மாடு வைத்திருப்பவர்கள் கேனும் வாளியுமாக வரிசையில் வந்து நிற்பார்கள். ஒவ்வொருவர் பாலிலும் ஒரு கரண்டி எடுத்து முதலில் மூக்கிடம் கொண்டுபோவார். அப்புறம் கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பார்ப்பார். சந்தேகம் வந்துவிட்டால் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் எடுத்து ஸ்பிரிட் விளக்கில் காட்டுவார். திரிந்தால் வாளி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். கெஞ்சிப் பார்க்கலாம், கத்திப் பார்க்கலாம். அதற்குள் அவர் அடுத்த வாளியை மோந்துகொண்டிருப்பார்.

அதிலும் கன்று ஈன்ற மாட்டின் முதல் ஐந்து நாள் பால் என்றால் வாசற்படி ஏற விடமாட்டார். மஞ்சளாக, கெட்டியாக, விரலில் பிசுபிசுவென்று ஒட்டும் அந்தச் சீம்பால் கொஞ்சம் கலந்தாலும் போதும், ஆலையில் சூடேற்றும்போது மொத்தப் பாலும் கட்டி தட்டிவிடும் என்பார். போன வருஷம் அவருடைய சொந்த அக்காவே மூன்றாம் நாள் பாலை நல்ல பாலோடு கலந்து கொண்டுவந்துவிட்டாள். நாலு மாட்டோடு மல்லுக்கட்டுகிறவள், தம்பிதானே நிற்கிறான் என்ற தைரியம். தம்பி குழாயை விளக்கில் காட்டினார். திரிந்தது. "அக்கா, வாளியை ஓரமா எடுத்து வை" என்றார், அத்தனை பேர் முன்னால். அக்கா ஆறு மாதம் அவரோடு பேசவில்லை. தினமும் வாளியை மட்டும் நீட்டுவாள், முகத்தைச் சுவரிடம் காட்டுவாள்.

இப்படிப்பட்ட மனிதருக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருஷம் கழித்து ஒரு பிள்ளை பிறந்தது. பிறந்த பிள்ளை அழவில்லை.

பிரசவம் பாதியில் மாட்டிக்கொண்டு, அவசரமாக வயிற்றை அறுத்துத்தான் எடுத்தார்கள். கையும் காலும் தொங்க, நீலம் பாரித்துப் போய் வந்தானாம். முகத்தில் மூடியை வைத்துப் பையை அமுக்கி அமுக்கி ஏழெட்டு நிமிஷம் மூச்சுக் கொடுத்த பிறகு ஒரு முனகல் வந்தது. அந்த முனகலைத்தான் தாதி வெளியே வந்து டெஸ்டரிடம் நல்ல செய்தியாகச் சொன்னாள். அவரும் நல்ல செய்தியாகவே வாங்கிக்கொண்டார், வேறு என்ன செய்ய.

குழந்தை டாக்டர் ஒல்லியான பெண்மணி. நின்றபடியே பேசுகிறவர்.

"குழந்தைக்குக் கொஞ்ச நேரம் ஆக்சிஜன் போகலை. மூளைக்கு மேற்கொண்டு பாதிப்பு வராம இருக்க மூணு நாள் உடம்பைக் குளிர்ல வச்சிருப்போம். முப்பத்து மூணரை டிகிரி. தொட்டா சில்லுனு இருக்கும், பயந்துடாதீங்க."

பிறந்த குழந்தையைப் போர்த்தி வைக்காமல் குளிரில் வைப்பதா என்று வார்டில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒன்று பேசினார்கள். டெஸ்டருக்கு மட்டும் அது சட்டென்று விளங்கிவிட்டது. மயக்கம் தெளிந்து அழுதுகொண்டிருந்த மனைவியிடம் போய் உட்கார்ந்தார்.

"இங்க பாரு. கறந்த பால் அந்தச் சூட்டோடயே இருந்தா என்ன ஆகும்? நிமிஷத்துக்கு நிமிஷம் கெட்டுக்கிட்டே போகும். உடனே கூலர்ல இறக்கிட்டா கெடறது அப்படியே நின்னுடும். இதுவும் அதேதான். டாக்டரம்மா சரியாத்தான் செய்றாங்க."

"அப்ப நம்ம பையன் கெடமாட்டானா?"

"கெடமாட்டான்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பதினொரு வருஷத்தில் பாலைப் பற்றி அவர் சொல்லி ஒன்றும் தப்பியதில்லை.

வினை இங்கேதான் ஆரம்பித்தது. ஒரு விஷயம் கச்சிதமாகப் பொருந்தியதும், ஆஸ்பத்திரியில் மிச்சம் இருப்பதெல்லாமும் தனக்குத் தெரிந்த சரக்குதான் என்று மனிதருக்கு ஒரு நினைப்பு வந்துவிட்டது.

மறுநாள் காலையிலிருந்தே மழை. அம்மாக்கள் வார்டு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. பச்சிளங்குழந்தைப் பிரிவு புதுக் கட்டடத்தில். இரண்டுக்கும் நடுவில் ஒரு முற்றம், அதன் மேல் தகரக் கூரை போட்ட நடைபாதை. தகரம் நாலு இடத்தில் ஒழுகியது, ஒழுகும் இடத்திலெல்லாம் யாரோ பொறுப்பாக வாளி வைத்திருந்தார்கள்.

எட்டு மணிக்கு வார்டுத் தாதி, பருத்த உடம்பும் அதைவிடப் பெரிய குரலும் உள்ளவள், ஆண்களையெல்லாம் வெளியே விரட்டிவிட்டுத் திரையை இழுத்தாள். டெஸ்டர் வராந்தாவில் நின்று, ஒரு அம்மாள் தரை துடைப்பதையும் துடைத்த இடத்திலேயே ஆட்கள் செருப்போடு நடப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தார். திரைக்குப் பின்னால் தாதி மனைவிக்குப் பால் பீய்ச்சச் சொல்லிக்கொடுத்ததும், அது எப்படி இருக்கும், எதற்கு நல்லது என்று விளக்கியதும் மழைச் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அரைமணி நேரம் கழித்து மூடி போட்ட ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தார்கள்.

"உடனே கொண்டுபோய்க் குடுத்துடுங்க" என்றாள் தாதி.

மனைவியின் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. தையல் வலிக்காமல் இருக்க வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துப் பிடித்திருந்தாள். "கொஞ்சந்தாங்க வந்துச்சு. கையெல்லாம் விட்டுப்போச்சு. சிந்திடாமப் பாத்துப் போங்க."

சிந்தாமல்தான் போனார். பாதி வழியில், கை கழுவும் தொட்டியருகே நின்று மூடியைத் திறந்தார். பதினாறு வருஷப் பழக்கம், பாலைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்காமல் போக முடியாது. அடியில் ஒரு டீஸ்பூன்கூட இல்லை. மஞ்சள். சாய்த்தால் ஓடவில்லை, கிண்ணத்தின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு மெல்ல இறங்கியது. மூக்கிடம் கொண்டுபோனார். விரலால் தொட்டார். பிசுபிசுத்தது.

சீம்பாலேதான். நல்ல பிள்ளைக்கே இது ஆகுமா ஆகாதா என்று யோசிக்க வேண்டும். இவனோ மூச்சில்லாமல் பிறந்தவன், குழாயும் ஊசியுமாகக் கிடக்கிறான். இதைக் கொண்டுபோய் அவன் வயிற்றில் விடுவதா? ஆலைப் பாலுக்கே ஆகாத சரக்கு. இரண்டு நாள் போகட்டும், வெள்ளையாக நல்ல பால் இறங்கட்டும். தொட்டியில் ஊற்றினார், குழாயைத் திறந்துவிட்டார், கிண்ணத்தைச் சுத்தமாகக் கழுவினார். கை கூசவில்லை. பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்றுதான் நினைத்தார்.

குழந்தைப் பிரிவின் வாசலில் இருந்த தாதி கேட்டாள். "அம்மாவுக்குப் பால் வந்துச்சா?"

"இன்னும் வரலைங்க."

திரும்பி வார்டுக்குப் போனால் மனைவி தலையைத் தூக்கினாள். "குடிச்சானா?"

உண்மையைச் சொன்னால் உன் பால் சரியில்லை என்று சொல்ல வேண்டும். அறுத்த வயிற்றோடு கிடப்பவளிடம் அதை எப்படிச் சொல்வது?

"குடிச்சான்."

பதினோரு மணிக்கு இரண்டாவது கிண்ணம் வந்தது. இந்தத் தடவை அவருக்கே ஒரு சின்ன உறுத்தல். தீர்த்துக்கொள்ள அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஆஸ்பத்திரிக் கேன்டீனுக்குப் போய் டீ போடுகிறவரிடம் கேட்டார்.

"அண்ணே, ஒரு ஸ்பூன் குடுங்க. அடுப்புல ஒரு நிமிஷம் காட்டிக்கிறேன்."

"என்னது, மருந்தா?"

"பால்."

டீக்காரர் எட்டிப் பார்த்தார். "இது பாலா? ரெண்டு சொட்டு பாலை வச்சிக்கிட்டு என்ன தம்பி பண்ணப்போறீங்க? வேணும்னா நான் ஒரு டம்ளர் தரேன், குடிச்சிட்டுப் போங்க. காலையில இருந்து ஒண்ணும் சாப்பிட்ட மூஞ்சியா தெரியலை."

"இல்லண்ணே, இது டெஸ்டுக்கு."

ஸ்பூனில் விட்டுத் தீயில் காட்டினார். வழவழவென்று இருந்தது ஒரு துடிப்புத் துடித்து, தயிர்போலக் கட்டிக்கொண்டது. திரிந்துவிட்டது. டெஸ்டர் மிச்சத்தையும் கொட்டினார். சந்தேகம் தீர்ந்தது என்ற நிம்மதி ஒரு பக்கம். பாவம், இவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்தும் இவள் பால் இப்படியா என்ற துக்கம் மறுபக்கம்.

"குடிச்சானா?"

"குடிச்சான். வாயை மூடி மூடித் திறந்தான்."

பொய் சொல்லிப் பழகாத வாய். ஒன்று சொன்னதும் அது ருசி கண்டுவிட்டது. மனைவி பக்கத்துக் கட்டில்காரியிடம், "வாயை மூடி மூடித் திறந்தானாம்" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் நாலு பொய் சொல்லலாம் போல இருந்தது.

இரண்டு மணிக் கிண்ணத்தைக் கொட்டிவிட்டு அவர் புதுக் கட்டடத்துக்குள் நுழைந்தபோது டாக்டர் கூப்பிட்டனுப்பினார்.

"விடியக்காலையில எடுத்த ரத்தத்துல கிருமித் தொற்று இருக்கிற மாதிரி தெரியுது. ஆன்டிபயாட்டிக் ஆரம்பிச்சுட்டோம். இந்த மாதிரிக் குழந்தைங்களுக்கு எதிர்ப்புச் சக்தி கம்மி. இன்னொண்ணு, ஆக்சிஜன் குறையறப்போ உடம்பு இருக்கிற ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும்தான் முதல்ல அனுப்பும். குடலைப் பட்டினி போட்டுடும். அதனால குடலும் கொஞ்சம் அடி வாங்கியிருக்கும். நிறையக் குடுக்க முடியாது. சொட்டுச் சொட்டாத்தான். அதுக்கு அம்மா பாலை மிஞ்சின மருந்து கிடையாது. இன்னுமா வரலை?"

"வரும்ங்க. நல்ல பாலா..."

"ஒரு சொட்டு வந்தாலும் குடுத்தனுப்புங்க. கன்னத்துல தடவினாக்கூடப் போதும்." அதற்குள் உள்ளே யாரோ அழைக்க, டாக்டர் போய்விட்டார்.

டெஸ்டர் கண்ணாடி வழியே பார்த்தார். ஒரு முழம்கூட இல்லை பிள்ளை. அடியில் குளிர்ந்த நீர் ஓடும் மெத்தை, மூக்கில் குழாய், தொப்புளில் குழாய். நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது. ஒரு சொட்டு வந்தாலும் என்றாரே. எந்தச் சொட்டு? பால் என்றால் நல்ல பாலைத்தானே சொல்லியிருப்பார்? ஓடிப்போய்க் கேட்டிருக்கலாம். கேட்டு, டாக்டர் வேறு விதமாகச் சொல்லிவிட்டால்? மூன்று கிண்ணம் போனது போனதுதானே? கேட்காமலே மாடியேறினார்.

"குடிச்சானா?"

"குடிச்சான். கண்ணைத் திறந்து பாத்தான்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

சாயங்காலம் அக்கா வந்துவிட்டாள். மாட்டைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, தூக்கில் கஞ்சியும் அவித்த முட்டையுமாக, புடவைக் கரையெல்லாம் சேறாக வந்தாள். தம்பி மனைவிக்கு ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தாள்.

"அண்ணி, மூணு தடவை குடுத்தாச்சு. மதியம் கண்ணைத் திறந்து பாத்தானாம்" என்றாள் மனைவி.

"பாப்பான், பாப்பான். அப்பன் மாதிரி எல்லாத்தையும் உத்து உத்துப் பாப்பான். நீ முட்டையைச் சாப்பிடு."

ஐந்து மணிக்கு நாலாவது கிண்ணம் கைக்கு வந்தது. முந்தினதைவிட இதில் கொஞ்சம் அதிகம். பிள்ளையைக் கண்ணாடி வழியாகவாவது பார்க்கிறேன் என்று அக்காவும் கூடவே கிளம்பினாள். தொட்டி அருகில் வந்ததும் டெஸ்டர் தயங்கினார்.

"நீ முன்னால போ, அக்கா. நான் வரேன்."

அக்கா பத்தடி போனவள், தம்பி வரவில்லையே என்று திரும்பிப் பார்த்தாள். அவர் ஒரு கையால் குழாயைத் திறந்து, மறு கையில் கிண்ணத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

மாடு உதைக்க வரும்போது பால் வாளியைப் பிடுங்கிப் பழகிய கை. ஒரே எட்டில் வந்து கிண்ணத்தைப் பிடுங்கிவிட்டாள்.

"என்னடா பண்றே?"

"சீம்பால்க்கா."

"அது தெரியுது. நீ என்ன பண்றேன்னு கேக்கறேன்."

"திரியுதுக்கா. கேன்டீன் அடுப்புல வச்சுப் பாத்தேன்."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கடைசியில் கோபம்தான் ஜெயித்தது.

"அடுப்புலயா? புள்ளை வயித்துக்குள்ள என்ன அடுப்பா எரியுது? ஏண்டா, போன வருஷம் என் வாளியைத் திருப்பி அனுப்பினியே, அந்தப் பாலை நான் என்ன பண்ணினேன்னு என்னைக்காவது கேட்டியா?"

"கொட்டியிருப்பே."

"கொட்டுவேனா? அந்தக் கன்னு பொறந்தப்போ எந்திரிக்கவே முடியலை, தெரியுமா? தாய் மடியை அதால முட்ட முடியலை. தாயோட சீம்பாலைப் பீய்ச்சி, விரல்ல தொட்டுத் தொட்டு நாக்குல வச்சேன். ரெண்டாம் நாள் எந்திரிச்சு என் காலையே மிதிச்சுது. அதுக்கு மிஞ்சினதைத்தான் ஆசைப்பட்டு உன்கிட்ட கொண்டுவந்தேன், என் தப்புதான். அது கேனுக்குத்தான்டா ஆகாது. கன்னுக்கு அதுதான் உயிர்."

"கன்னுக்குன்னா எனக்கும் தெரியும்க்கா." டெஸ்டரின் குரல் இறங்கிவிட்டது. "இவன் முழுசா இல்லையே. மூச்சில்லாமப் பொறந்தவன். இவன் தாங்குவானான்னு..."

"தாங்காதவனுக்குத்தான்டா அது முதல்ல வேணும்."

தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் சொன்ன ஒரு சொட்டு எந்தச் சொட்டு என்று டெஸ்டருக்கு இப்போது சந்தேகமே இல்லாமல் புரிந்தது. காலையிலிருந்து தான் கழுவிக் கழுவி வைத்தது என்னவென்றும் புரிந்தது. அவர் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"மூணு கிண்ணம், அக்கா."

அக்கா கிண்ணத்தின் மூடியை அழுத்தி மூடி அவர் கையில் வைத்தாள்.

"நீயே அவகிட்ட சொல்லேன், அக்கா. என்னால முடியாது."

"குடிச்சான் குடிச்சான்னு சொன்ன வாய் யாருது? அதே வாயால சொல்லு. முதல்ல போய் அதைச் சொல்லு, அப்புறம் பாலைக் கொண்டுபோ. இல்லேன்னா இதையும் குடுத்துட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி இருந்துடுவே."

தம்பியை அவளுக்குத் தெரியும். அப்படித்தான் இருந்துவிடலாம் என்று அவர் அந்த நிமிஷமே யோசித்துக்கொண்டிருந்தார்.

வார்டில் மனைவி வாசலைப் பார்த்தபடி இருந்தாள்.

"அதுக்குள்ள வந்துட்டீங்க? குடிச்சானா?"

"இன்னும் குடுக்கலை."

"ஏன்? அவனுக்கு என்ன?" அவள் சட்டென்று எழப் பார்த்தாள். தையல் இழுத்து, முகம் சுருங்கியது.

"அவனுக்கு ஒண்ணுமில்லை, படு. நான்தான்..." கிண்ணத்தை மேஜையில் வைத்தார். "காலையில இருந்து ஒண்ணுகூடக் குடுக்கலை. கெட்ட பால்னு நினைச்சேன். கொட்டிட்டேன்."

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சொன்னது அப்புறம்தான் புரிந்தது.

"எட்டு மணிக்குக் குடிச்சான்னீங்க."

"ஆமா."

"பதினோரு மணிக்கு வாயை மூடி மூடித் திறந்தான்னீங்க."

"ஆமா."

"மதியம் கண்ணைத் திறந்து பாத்தான்னீங்களே. அதுவுமா?"

"அதுவும்தான்."

பக்கத்துக் கட்டில்காரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். டெஸ்டர் திட்டுக்குக் காத்திருந்தார். அழுகைக்குக் காத்திருந்தார். இரண்டும் வரவில்லை. பால் போனதைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள் போலிருந்தது. அந்தக் கண் திறந்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"கிண்ணத்தை இப்படிக் குடுங்க" என்றாள். "சக்கர நாற்காலி கேட்டு எடுத்துட்டு வாங்க. இனிமே நானே கொண்டுபோறேன்."

வார்டுத் தாதி முதலில் முடியாது என்றாள், பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்து, மெதுவாகத் தள்ள வேண்டும் என்றாள். அக்காவும் தாதியும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து உட்கார வைத்தார்கள். லிஃப்டில் இறங்கி, நடைபாதையில் டெஸ்டர் தள்ளிக்கொண்டு போனார். ஒழுகும் இடங்களில் அக்கா குடை பிடித்தாள். மனைவி மடியில் கிண்ணத்தை வைத்து, மூடிக்கு மேல் தன் கையையும் வைத்து மூடியிருந்தாள்.

பிரிவின் வாசலில் தாதி ஆச்சரியப்பட்டாள். "பால் வரலைன்னு சொன்னாரே உங்க வீட்டுக்காரர்?"

"வந்துச்சு" என்றாள் மனைவி. "வழியில நின்னுபோச்சு."

"நான்தான் கொட்டிட்டேன், சிஸ்டர்" என்றார் டெஸ்டர். "மஞ்சளா இருந்துச்சு. எங்க நிலையத்துல அதை எடுக்கமாட்டோம். மூணு தடவை."

தாதி கிண்ணத்தைத் திறந்து பார்த்தாள். "அந்த மஞ்சள்லதான் சார் எல்லாம் இருக்கு. அம்மா உடம்புல இருக்கிற எதிர்ப்புச் சக்தியை வடிச்சுக் குடுக்கிற மாதிரி. நோகிற குடல்ல இதுதான் முதல்ல ஒரு பூச்சு பூசும்."

"அந்தக் கிருமித் தொற்று... என்னாலயா?"

"இல்லை. அந்த ரத்தம் விடியறதுக்கு முன்னாடி எடுத்தது. நீங்க கொட்டறதுக்கு முன்னாலயே." அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள். "ஆனா குடுத்திருந்தா நல்லதுதான். அதையும் சொல்லணும் இல்ல?"

டெஸ்டர் இரண்டையும் தலையாட்டி வாங்கிக்கொண்டார்.

"ஒருத்தர்தான் கிட்ட வரலாம்" என்றாள் தாதி. தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தது. நாற்காலி கோட்டைத் தாண்டிப் போயிற்று. டெஸ்டர் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றார், அக்கா கண்ணாடிக்கு வெளியே நின்றாள். ஒரு கெட்ட வாளியையும் தாண்ட விடாதவர் இன்று அங்கேயே நிற்க வேண்டியதாயிற்று.

தாதி சின்னப் பஞ்சுக்குச்சியைக் கிண்ணத்தில் தோய்த்து மனைவியிடம் கொடுத்தாள். "கன்னத்துக்கு உள்பக்கமா. மெதுவா. அவசரமே இல்லை." அவள் குனிந்தாள். டெஸ்டருக்குத் தெரிந்ததெல்லாம் மனைவியின் முதுகும், கலைந்த பின்னலும்தான். பிள்ளை அந்த முதுகுக்கு அப்பால் இருந்தான். எந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தும் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு பொறுக்க முடியவில்லை.

"குடிச்சானா?"

மனைவி திரும்பவில்லை. பஞ்சுக்குச்சியை இன்னொரு தடவை தோய்த்தாள். பதிலுக்காக ஒருத்தர் காத்திருப்பது எப்படி இருக்கும் என்பதை இன்று மூன்று தடவை பார்த்தும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இப்போது தெரிந்தது.

"ஏய், குடிச்சானா?"

"சும்மா இருங்க" என்றாள், குனிந்தபடியே. "நாக்கை நாக்கை நீட்டறான். உங்களை மாதிரியே டெஸ்ட் பண்ணிக்கிட்டிருக்கான்."

டெஸ்டர் கோட்டில் நின்றார். மெஷின் ஒன்று சீராகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. தாதி கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மனைவி தலையை மட்டும் திருப்பி, காலையிலிருந்து முதல் தடவையாக ஒரு நிஜமான செய்தியை அவருக்குச் சொன்னாள்.

"திருப்பி அனுப்பலை."